அக்காவின் மெயில் பெட்டியை அழிக்கச் சொல்லாதீர்கள்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், மனிதவளப் பிரிவுக்கும், கணக்குப் பிரிவுத் தலைவருக்கும்,

நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. இனி யாருடைய மெயில் பெட்டியும் 5 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. ஓராண்டு தாண்டிய மெயில்கள் தாமாகவே அழியும்படி சர்வரில் ஏற்பாடு செய்ய வேண்டும். 70 ஜிபிக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும் சீனியர் மெர்ச்சண்டைசர் (பையர், அதாவது நம்மிடம் ஆடை வாங்கும் கம்பெனியோடு பேசி ஆர்டரை நடத்துபவர்) ஏன் அப்படி வைத்திருக்கிறார் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். முதல் இரண்டையும் செய்து முடிக்க வேண்டியவன் நான். மூன்றாவதற்கு ஆதாரமாக இணைக்கப்பட்ட பட்டியலும் நான் எடுத்துக் கொடுத்ததுதான். டிஸ்க் நிரம்பிக்கொண்டிருக்கிறது, இடம் வாங்க வேண்டும் என்று கேட்பதற்காகக் கொடுத்த பட்டியல் அது. அதை வைத்து ஒருவருக்கு மெமோ கொடுத்திருக்கிறீர்கள். இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நேரில் சொன்னேன். மெயிலிலும் எழுதினேன். “இடம் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்” என்பதைத் தாண்டி பதில் வரவில்லை. திருப்பூரில் வேறு ஏற்றுமதி கம்பெனிகளில் இதே வேலை பார்க்கும் நண்பர்களும் ஏறக்குறைய இதே உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் கம்பெனியின் பெயரைப் போடாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

டிஸ்க் பிரச்சினை உண்மைதான், அதை மறுக்கவில்லை. சர்வரில் இருப்பது 2 டிபி டிஸ்க் இரண்டு. ரெய்ட் 1 முறையில் இரண்டும் ஒன்றுக்கொன்று நகலாக ஓடுவதால் கையில் கிடைக்கும் இடம் ஒரு டிஸ்க்கின் அளவு மட்டுமே. அது முழுக்க நிரம்பிவிட்டால் சர்வர் புது மெயிலை வாங்காது, பிறகு அனுப்பு என்று திருப்பிவிடும். பையரின் சர்வர் சில நாள் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு, மெயில் போய்ச் சேரவில்லை என்று அவருக்கே சொல்லிவிடும். அந்த நிலை வரக் கூடாது என்ற அக்கறை உங்களைப் போலவே எனக்கும் உண்டு. ஆனால் இடம் யாரால் நிரம்புகிறது, எதனால் நிரம்புகிறது என்று பார்க்காமல் ஒருவர் தலையில் கட்டியது நியாயமில்லை.

சுற்றறிக்கை வந்த பிறகு அக்காவின் மேசையில் உட்கார்ந்து அவருடைய பெட்டியை ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்த்தோம். (மெமோ வாங்கிய அந்த சீனியர் மெர்ச்சண்டைசரைத்தான் சொல்கிறேன். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான், இந்த மடலிலும் அப்படியே சொல்கிறேன்.) பையர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் சீசன், அதற்குள் ஸ்டைல் நம்பர். ஒரு குழந்தைகள் பைஜாமா ஸ்டைலைத் திறந்தோம். டெக் பேக் (ஆடையின் முழு வடிவமைப்பு விவரக் கோப்பு) இருக்கிறது. லேப் டிப்புக்கு (சாயம் தோய்த்த மாதிரித் துணித்துண்டு) எந்த ஷேடை பையர் ஒப்புக்கொண்டார் என்ற பதில், ஃபிட் கமென்ட்ஸ், சைஸ் செட், பிரிண்ட் ஸ்ட்ரைக் ஆஃப் (பிரிண்ட் மாதிரி), டெஸ்ட் ரிப்போர்ட், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்திய மாதிரி) ஒப்புதல், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், கடைசியில் ஷிப்பிங் டாகுமென்ட்ஸ். நடுவில் ஒரு மெயிலில், கழுத்து ரிப் (கழுத்துப் பட்டை) மேல் டேப்பை வைத்து எடுத்த போட்டோ. ரிப் அகலம் அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது, பல்க்கில் (மொத்த உற்பத்தியில்) சரிசெய்துகொண்டு போகலாம் என்று பையர் தரப்பிலிருந்து இரண்டே வரி. இந்த இரண்டு வரியை நம்பித்தான் கட்டிங் டேபிளில் துணி விரித்திருக்கிறோம். இந்த ஒப்புதலுக்கு வேறு எங்கேயும் காகிதம் கிடையாது, எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து கிடையாது. நம்முடைய மொத்த ஏற்றுமதியும் இப்படிப்பட்ட மெயில்களின் மேல்தான் நடக்கிறது.

சரி, ஏன் இவ்வளவு பெரிதாகிறது? மெயிலில் இணைக்கும் கோப்பு அப்படியே போவதில்லை. மெயில் மென்பொருள் அதை எழுத்துக்களாக மாற்றித்தான் அனுப்புகிறது. 3 பைட் 4 எழுத்தாகும். அதாவது 18 எம்பி டெக் பேக், சர்வரில் 24 எம்பி பிடிக்கும். அதை அக்கா ஃபேப்ரிக், பிரிண்டிங், குவாலிட்டி, பேக்கிங், ஷிப்பிங் என்று 9 பேருக்கு அனுப்பினால், நம் சர்வர் ஒவ்வொருவர் பெட்டியிலும் தனித்தனிப் பிரதி வைக்கும். 216 எம்பி ஆயிற்று. அவருடைய சென்ட் ஃபோல்டரில் இன்னொன்று. வாங்கியவர் அதை மாஸ்டருக்கு ஃபார்வேர்ட் செய்தால் மறுபடியும் முழுக் கோப்பும் போகும். பதில் போடும்போது இணைப்பு விடுபட்டாலும், மெயிலுக்கு உள்ளேயே ஒட்டிய போட்டோக்கள் ஒவ்வொரு பதிலோடும் கூடவே வரும். குவாலிட்டி பையன்கள் போனில் எடுத்த போட்டோவைச் சுருக்காமல் அப்படியே பத்து பத்தாக அனுப்புகிறார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, பெரிய கோப்புகளை வைக்கப் பொதுவான இடமும் நாம் கொடுக்கவில்லை. அக்கா அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் என்றாலும் அதை நிரப்பியது கம்பெனி முழுவதும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பையர்கள் டெக் பேக்கை இப்போது மெயிலில் அனுப்புவதில்லை, அவர்களுடைய போர்ட்டலுக்கு லிங்க் அனுப்புகிறார்கள். சீசன் முடிந்ததும் அந்த லிங்க் திறப்பதில்லை. அதனால்தான் அக்கா ஒவ்வொன்றையும் இறக்கி, தனக்கே மெயில் போட்டுச் சேமித்து வைத்திருக்கிறார். வேறு இடம் இல்லாத ஊழியர் கம்பெனியின் ஆவணத்தைத் தொலைந்துபோகாமல் காத்த முறை அது. அதற்குத்தான் இப்போது மெமோ.

கணக்குப் பிரிவுத் தலைவர் அவர்களே, ஐரோப்பிய பையர் ஒருவர் ஷேட் வித்தியாசம் என்று சொல்லி டெபிட் நோட் (நமக்குத் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்வதாக எழுதும் சீட்டு) அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். சரக்கு போய், கடைக்கு ஏறி, ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து வந்த கிளெய்ம் அது. பையரை இழக்க வேண்டாம், டிஸ்கவுன்ட்டாகக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்கா அந்த ஸ்டைல் ஃபோல்டரைத் திறந்து, ஷேட் பேண்ட் (ஏற்கத்தக்க நிற வேறுபாடுகளின் மாதிரி) போட்டோவுக்குக் கீழே பையரின் குவாலிட்டி ஆளே “பல்க்குக்குப் போகலாம்” என்று எழுதிய பதிலை எடுத்தார். தேதி, நேரம், யாரிடமிருந்து யாருக்கு என்ற ஹெட்டர் விவரத்தோடு அந்த மெயிலை அப்படியே இணைத்து அனுப்பினோம். டெபிட் நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இப்போது நீங்கள் கொண்டுவரும் ஓராண்டு விதி அன்றைக்கு இருந்திருந்தால் அந்த மெயிலே இருந்திருக்காது.

எதிர்ப்பக்க அனுபவமும் நமக்கு உண்டு. வேலையை விட்டுப் போன ஒரு மெர்ச்சண்டைசரின் மெயில்கள் சர்வரில் தங்காமல் நேராக அவர் லேப்டாப்புக்கு இறங்கும்படி பழைய நாளில் அமைக்கப்பட்டிருந்தன. அவர் போனதும் லேப்டாப்பை ஃபார்மேட் செய்து புதிதாக வந்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். சில மாதத்தில் தாமதக் கிளெய்ம் வந்தது. தேதி தள்ளிப்போனதற்குக் காரணம் பையர் ஆர்ட்வொர்க்கைத் தாமதமாகக் கொடுத்ததுதான் என்று தளத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். காட்டுவதற்கு ஒரு மெயில் இல்லை. பணம் கட்டினோம். அந்தத் தொகையில் மெயில் சர்வருக்கு எத்தனை டிஸ்க் வாங்கியிருக்கலாம் என்று உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, “அழிக்க மனமில்லை என்றால் அவரவர் லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்ளட்டும்” என்ற மாற்று யோசனையையும் தயவுசெய்து கைவிடுங்கள். அவுட்லுக் மெயில் மென்பொருள் லேப்டாப்பில் உருவாக்கும் பி.எஸ்.டி. என்ற சேமிப்புக் கோப்பு பழைய வடிவத்தில் 2 ஜிபியைத் தொட்டாலே கெட்டுப்போகும். 2003 பதிப்பில் வந்த புது வடிவத்துக்கு 20 ஜிபி, 2010 பதிப்பிலிருந்து 50 ஜிபி என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அக்காவின் பெட்டி ஒரே கோப்பில் அடங்காது. அதை நெட்வொர்க்கில் உள்ள பொது டிரைவில் வைத்துத் திறப்பதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. லேப்டாப் திருடு போனாலும், டிஸ்க் போனாலும், ஆள் போனாலும் அதோடு எல்லாம் போகும். சர்வரில் இடம் மிச்சமாகத் தெரியும். ஆபத்தோ யாருக்கும் தெரியாத இடத்துக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஓராண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நானும் தேடிப் பார்த்தேன். சட்டத்தில் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128, கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 36, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் என்கிறது. ஒப்பந்தம் சம்பந்தமாக வழக்குப் போடப் பொதுவாக 3 வருடக் காலவரம்பு இருக்கிறது. நம் பர்ச்சேஸ் ஆர்டரும், டெபிட் நோட்டும், ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) பில்லில் பாதியும் மெயிலில்தான் வருகின்றன, வேறு வடிவத்தில் நம்மிடம் இல்லை.

மெயில் வெறும் பேச்சு, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் செல்லும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். 2010இல் டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவில்லை என்றாலும், மெயிலில் விலையும் அளவும் பேசி ஏற்றுக்கொண்டதே ஒப்பந்தம் முடிந்ததற்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. அதே நேரத்தில், மெயிலை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 7, எங்கிருந்து எங்கே எப்போது போனது என்ற விவரத்தோடு, பின்னால் திறந்து பார்க்கும்படி, முதலில் உருவான வடிவிலோ அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ வைக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமின் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழும் கேட்கிறது. பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்து வைத்துவிட்டு மூலத்தை அழித்தால் இதில் எதையும் நம்மால் செய்ய முடியாது.

தானாக அழிக்கும் ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2020இல் கே.பி.எம்.ஜி. என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் ஒரே ஒருவர் கணக்குக்காகச் செய்யப்போன விதி மாற்றம் தவறுதலாக எல்லோருக்கும் பாய்ந்து, ஏறக்குறைய 1,45,000 பேரின் டீம்ஸ் (அலுவலக அரட்டை மென்பொருள்) உரையாடல்கள் அழிந்துபோயின. அவ்வளவு பெரிய ஐ.டி. பிரிவு உள்ள இடத்திலேயே அது நடந்தது. நம் நிலைமை இன்னும் மோசம். நம் இரவு பேக்கப், சர்வரில் இருப்பதை அப்படியே நகலெடுக்கும் வகை. சர்வரில் இன்று அழிந்தது, அன்று இரவே பேக்கப்பிலும் அழிந்துவிடும். நினைத்துப் பார்த்து மீட்பதற்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது.

மெமோ வந்ததிலிருந்து அக்கா வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து மெயில் அழிக்கிறார். அடுத்த சீசன் சாம்பிள்கள் காத்திருக்கின்றன, அவர் அளவு வாரியாக அடுக்கி, மேலிருந்து நீக்கிக்கொண்டிருக்கிறார். சென்ட் ஃபோல்டரிலிருந்து ஆரம்பித்திருந்தார். “எது வேணும் எது வேண்டாம்னு பாக்கறதுக்கு நேரமில்ல தம்பி, சைஸ்தான கேக்கறாங்க” என்றார். சென்ட் ஃபோல்டர் என்பது இந்தக் கம்பெனி வெளியே கொடுத்த வாக்கு அத்தனையும் இருக்கும் இடம். அளவு வாரியாக அடுக்கினால் மேலே வருவது டெக் பேக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஷிப்பிங் டாகுமென்ட்ஸும்தான். ஒன்றுக்கும் உதவாத கூரியர் டிராக்கிங் மெயில்களும் விளம்பர மெயில்களும் சின்னதாக இருப்பதால் கடைசிவரை தப்பித்துக்கொள்ளும். இந்த உத்தரவு தவறு என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. அவர் நீக்கியவற்றை ட்ராஷிலிருந்து எடுத்துத் தனி டிஸ்க்கில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, அதனால் இங்கேயே சொல்கிறேன்.

எல்லா மெயிலையும் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அந்த 70 ஜிபியில் கழிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் எது கழிவு என்பதை வயதும் அளவும் சொல்லாது, அந்த வேலையைச் செய்கிறவர்தான் சொல்ல முடியும். அதற்கு வழியும் இருக்கிறது. முடிந்த சீசன் ஃபோல்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதே சர்வரோடு இணைந்த பெரிய, மலிவான தனி டிஸ்க்கில் ஆவணப் பெட்டியாக வைக்கலாம். அக்காவுக்கு அது அவுட்லுக்கில் இன்னொரு ஃபோல்டராகத் தெரியும், தேடினால் கிடைக்கும், தினமும் ஒத்திசைந்து லேப்டாப்பை மந்தமாக்காது. அங்கே மெயில்களைச் சுருக்கியும் வைக்கலாம். போட்டோவும் பிடிஎஃப்பும் பெரிதாகச் சுருங்காது என்றாலும், அனுப்பும்போது எழுத்தாக மாறியதால் கூடிய அந்த மூன்றில் ஒரு பங்காவது பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். பைலர் போன்ற திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தினால் ஒரே இணைப்பு 9 பேருக்குப் போயிருந்தாலும் ஒரு பிரதிதான் இடம் பிடிக்கும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு ஸ்டைல் தாமதமாகி விமானத்தில் அனுப்பும்போது நாம் கட்டும் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

நான் கேட்பது இவைதான்.

அக்காவுக்குக் கொடுத்த மெமோவை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அவருடைய பணிப் பதிவேட்டில் அது இருக்கக் கூடாது. மெயில் அழிக்கும் வேலையை இன்றோடு நிறுத்தச் சொல்லி நீங்களே அவரிடம் சொல்ல வேண்டும், நான் சொன்னால் அவர் பயந்துகொண்டு நிறுத்த மாட்டார்.

ஓராண்டில் தானாக அழியும் விதியை ரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக மெர்ச்சண்டைசிங், கணக்கு, ஷிப்பிங் மூன்று பிரிவும் நம் ஆடிட்டரும் வழக்கறிஞரும் சேர்ந்து உட்கார்ந்து, எந்த வகை மெயில் எத்தனை வருடம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பையர் ஒப்புதல், பர்ச்சேஸ் ஆர்டர், பில், டெபிட் நோட் சம்பந்தப்பட்டவை 8 வருடத்துக்குக் குறையக் கூடாது. கிளெய்மோ வழக்கோ நடந்துகொண்டிருக்கும் ஸ்டைலில் எதையும் தொடக் கூடாது.

ஆவணப் பெட்டிக்கான டிஸ்க்குகளுக்கும், பழைய நிலைகளைத் தேதி வாரியாகச் சேமித்து வைக்கும் பேக்கப்புக்கும் இந்தக் காலாண்டிலேயே பணம் ஒதுக்குங்கள். விலைப்புள்ளிகள் உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கின்றன. டெக் பேக்கையும் போட்டோக்களையும் வைக்க உள்ளுக்குள் ஒரு பொது இடம் அமைத்துத் தருகிறேன். குவாலிட்டி, பிரிண்டிங் பிரிவுகளுக்கு அரை நாள் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

ஆவணத்துக்குப் போகும் முன், ஒவ்வொருவருக்கும் தங்கள் சொந்த மெயில்களை நீக்க அவகாசம் வேண்டும். மருத்துவமனை ரசீது, பிள்ளைகளின் சேர்க்கைப் படிவம் என்று எல்லோர் பெட்டியிலும் ஏதாவது இருக்கும். அப்புறம், ஒருவருடைய ஆவணப் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் காரணத்தை எழுதி, இருவர் கையெழுத்தோடுதான் திறக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவர் அந்தத் துறையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். இந்தக் கட்டுப்பாடு எனக்கும் பொருந்த வேண்டும்.

வேலையை விட்டுப் போகிறவரின் பெட்டி ஆவணத்தில் சேர்ந்துவிட்டது என்று ஐ.டி. பிரிவு கையெழுத்துப் போடாமல், அவர் லேப்டாப்பை ஃபார்மேட் செய்யும் வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

தானாக அழிக்கும் ஏற்பாட்டை ஒன்றாம் தேதி இயக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மேலே சொன்னவற்றுக்கு உங்கள் பதில் வரும்வரை அதை நான் இயக்கப் போவதில்லை. அப்படியும் இயக்கத்தான் வேண்டும் என்றால், எந்தச் சட்டப் பிரிவின்படி, யாருடைய பொறுப்பில் என்று குறிப்பிட்டு, நிர்வாக இயக்குநர் கையெழுத்தோடு எழுத்தில் உத்தரவு கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியன்,
திருப்பூர்